மூங்கில் கருந்திரவத்திலிருந்து லிக்னின்: சிலிக்காவோடு ஒரு வழக்கு

நூறு கிராம் உலர்ந்த மூங்கிலை, இருபது கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரில் வேகவைத்து, வடித்தெடுத்த கருந்திரவத்தைக் கந்தக அமிலத்தால் பி.எச். 2 வரை இறக்கினால், அந்தப் பாத்திரத்தில் ஏறத்தாழ முப்பத்தைந்து கிராம் சோடியம் சல்ஃபேட் உருவாகியிருக்கும். நாம் தேடிப்போன லிக்னினோ, அதாவது செடியின் நார்களை ஒட்டிப் பிடித்து உறுதி தரும் பொருளோ, பத்து கிராமைத் தொட்டாலே பெரிது. ஆகவே, வடிதாளில் தங்கும் பழுப்புச் சேற்றை அப்படியே காயவைத்து எடை போட்டு, அவ்வளவும் லிக்னின் என்று எழுதிவிடுகிறவர், உப்பையும் சர்க்கரைப் பிசினையும் மணலின் மூலப்பொருளான சிலிக்காவையும் கூட்டித்தான் எழுதுகிறார். உப்பு கழுவினால் போய்விடும். சர்க்கரைப் பொருளை ஒருவாறு கணக்கில் கழித்துவிடலாம். சிலிக்கா மட்டும் கழுவினாலும் போகாது, சோதனையிலும் லிக்னினின் வேடத்திலேயே வந்து நிற்கும். மூங்கிலில் வேலை செய்பவருக்கு இது தனித் தலைவலி. இந்தப் பதிவின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

காரைக்குடியில் இளநிலை, முதுநிலை வேதியியல் மாணவர்களுக்குச் செய்முறை நடத்தும் எனக்கு இந்த வேலை வந்து சேர்ந்ததற்கு ஊர்தான் காரணம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊரில், எந்த மாணவரிடம் திட்ட வேலைக்குத் தலைப்புக் கேட்டாலும் பேச்சு மின்கலத்தில்தான் போய் முடியும். லிக்னினைக் கரியாக்கிச் சோடியம் அயனி மின்கலத்தின் எதிர்முனைக்குப் பயன்படுத்தலாம் என்று படித்துவிட்டு வந்த மாணவர்கள், லிக்னினைப் பொட்டலமாக விலைக்கு வாங்கித் தரச் சொன்னார்கள். மூலப்பொருளின் குணம் தெரியாமல் கரியின் குணத்தைப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதனால் முதலில் லிக்னினை நாமே எடுப்போம், எடுத்தது என்ன என்பதைச் சொல்லத் தெரிந்த பிறகு உலையில் வைப்போம் என்று முடிவாயிற்று.

மூங்கிலைக் காகிதக் கூழாக்கும் முறைகளில் கிராஃப்ட் முறையை ஆரம்பத்திலேயே ஒதுக்கினோம். அதில் காஸ்டிக் சோடாவோடு சோடியம் சல்ஃபைடும் சேர்வதால், பிற்பாடு கருந்திரவத்தில் அமிலம் விடும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அந்த வாயு சிறிய அளவில் நாறும். அளவு கூடினால் மூக்கை மரக்கச் செய்துவிட்டு ஆளையே கொல்லும். மாணவர்கள் நடமாடும் அறையில், அதுவும் எங்களுடையதைப் போன்ற அரைகுறையான புகைக்கூண்டில், அதைச் செய்யக் கூடாது. வெறும் காஸ்டிக் சோடாவில் வேகவைக்கும் சோடா முறையில் கந்தகம் கிடையாது. கிடைக்கும் லிக்னினிலும் கந்தகம் ஏறாது. கரிக்கும் அதுவே நல்லது.

மூங்கிலைக் கூடை முடைபவரிடமிருந்து வாங்கினோம். சாரம் கட்டும் கழிகள் மலிவாகக் கிடைக்கும். செட்டிநாட்டில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை எங்காவது நடந்துகொண்டே இருப்பதால் கழித்துப் போட்ட கழிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் சுண்ணாம்பும் சிமெண்டும் தெறித்துக் கணுக்களில் ஏறியிருக்கும், எரித்துச் சிலிக்காவை அளக்கும் சாம்பல் கணக்கு அங்கேயே கெட்டுவிடும். கூடை முடைபவர் பச்சை மூங்கிலைப் பிளந்து, வெளிப்பட்டையை மட்டும் நீளச் சிம்புகளாக உரித்துக்கொண்டு உட்பகுதியைக் குவித்து வைக்கிறார். "வெளிப்பட்டைக்குத்தான் சார் வளைவு நிக்கும், உள்சதை ஒடிஞ்சு போயிரும், அடுப்புக்குத்தான் ஆகும்" என்றார். அரிவாளை இரண்டு கழிக்கு ஒரு தரம் தீட்ட வேண்டியிருப்பதற்கும் வெளிப்பட்டைதான் காரணம் என்று அவரே சேர்த்துக்கொண்டார். வேதியியல்காரனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். மூங்கில் மண்ணிலிருந்து உறிஞ்சும் சிலிக்காவின் பெரும்பகுதி வெளித்தோலின் செல்களில்தான் போய்ப் படிகிறது. அரிவாளை மழுக்குவதும் அதுவே, காகித ஆலையின் ஆவியாக்கிக் குழாய்களில் கல்லாகப் படிவதும் அதுவே. கூடைக்காரர் தம் தேவைக்காகச் சிலிக்கா மிகுந்த பகுதியைத் தனியே பிரித்து எடுத்துக்கொண்டு, எங்களுக்கு வேண்டிய பகுதியை அடுப்புக்கு ஒதுக்கி வைத்திருந்தார்.

எனவே முழு மூங்கிலில் ஒரு பங்கும், அந்த உட்பகுதியில் ஒரு பங்கும் எடுத்துக்கொண்டோம். முழு மூங்கிலை வெட்டும்போது இடைக்கணுக்களின் உட்குழியையும் பார்த்துத் தட்டிவிட வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் மூங்கிலுப்பு என்று விற்கும் வெண்ணிறக் கட்டி அங்கே உறைந்த சிலிக்காவே அன்றி வேறில்லை. ஒரு சிறு துண்டு உள்ளே போனாலும் சாம்பல் கணக்கு தலைகீழாகிவிடும். துண்டுகளைத் தீப்பெட்டிக் குச்சி அளவுக்குப் பிளந்து, நிழலில் உலர்த்தி, ஈரப்பதத்தைத் தனியாக அளந்து, எல்லா எடைகளையும் முற்றிலும் உலர்ந்த மூங்கிலின் கணக்கிலேயே வைத்துக்கொண்டோம்.

அடுத்து, பாத்திரம். ஆய்வகத்தில் எல்லாரும் கை நீட்டுவது திருகு மூடி போட்ட போரோசிலிகேட் கண்ணாடிப் புட்டியைத்தான். அந்தக் கண்ணாடியில் ஏறக்குறைய 81 விழுக்காடு சிலிக்கா. சூடான காரம் அதை அரித்துத் தின்னும். நீராவி அழுத்தத்தில் வேகவைக்கும் ஆட்டோகிளேவின் 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சில மணி நேரம் காரத்தைக் கொதிக்கவிட்டால் புட்டியின் உட்புறம் மங்கிப்போவது கண்ணுக்கே தெரியும். மூங்கிலின் சிலிக்காவை அளக்கப் போகிறவன் சிலிக்காவாலான பாத்திரத்தில் வேகவைப்பது, தராசுத் தட்டில் விரலை வைத்துக்கொண்டு எடை பார்ப்பதற்குச் சமம். வேறுபாடு எவ்வளவு என்று மாணவர்கள் கண்ணால் காண வேண்டும் என்பதற்காகவே ஒரு தொகுதியைக் கண்ணாடியில் வைத்தோம். மற்றவற்றுக்கு வீட்டுச் சமையலறையிலிருந்து வந்த எவர்சில்வர் தூக்குகளே போதுமானவையாக இருந்தன. அலுமினியப் பாத்திரத்தை இந்த வேலையின் பக்கமே கொண்டுவரக் கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜனை வெளியேற்றும். மூடிய குக்கரில் அது நடந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வேகவைத்தல் நேரானது. நூறு கிராம் மூங்கில், இருபது கிராம் காஸ்டிக் சோடா, 600 மி.லி. நீர், தூக்கின் மூடியை இறுக்காமல் வைத்து, 121 பாகையில் நான்கு மணி நேரம். ஆட்டோகிளேவின் அடிநீர் வற்றிவிடாமல் நடுவில் ஒரு முறை நிறுத்தி நிரப்ப வேண்டும். அழுத்தமானி பூச்சியத்தைத் தொட்ட பிறகும் பத்து நிமிடம் பொறுத்துத்தான் திறக்க வேண்டும், ஏனெனில் உள்ளே இருப்பது கொதிநிலையில் நிற்கும் காரம். ஆலைகளில் 160 முதல் 170 பாகை வரை போவார்கள். பத்துப் பாகை ஏறினால் லிக்னின் கரையும் வேகம் இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகவே கூடும் என்பதால், எங்கள் ஆட்டோகிளேவ் ஆலையின் கொதிகலனுக்கு அருகில்கூட வர முடியாது. ஆனாலும் மூங்கில் புல்லினம். அதன் லிக்னினில் ஒரு பகுதி, பாராகூமரிக் அமிலம், ஃபெருலிக் அமிலம் ஆகியவற்றின் எஸ்டர் பிணைப்புகளோடு தொங்கிக்கொண்டிருப்பது. காரம் பட்டதும் அந்தப் பிணைப்பு அறுபடும். மரத்தில் நடக்காத அளவுக்கு மிதமான வெப்பத்திலேயே மூங்கிலிலிருந்து கணிசமான லிக்னின் இறங்கிவிடுகிறது. நல்ல கூழ் வேண்டும் என்பவருக்கு இந்த வெப்பம் போதாது. எங்களுக்கு வேண்டியது திரவம்.

வெந்ததைக் காடாத் துணியில் வடித்து, நாரைச் சிறிது வெந்நீரில் அலசி, அந்த நீரையும் சேர்த்துக்கொண்டோம். திரவம் கறுப்பு; ஆனால் கண்ணாடிக் குச்சியில் தொட்டு வெளிச்சத்தில் பிடித்தால் செம்பழுப்பு. வைக்கோலை அவித்த வாசனையில் இலேசாக ஓர் இனிப்பு கலந்திருக்கும். இந்தக் கட்டத்திலிருந்து அமிலம் விடும் வரை பாலிபுரொப்பிலீன் பாத்திரங்களே.

இனி சிலிக்கா. அது உருவற்ற நிலையில் நடுநிலை நீரில் லிட்டருக்கு நூறு மில்லிகிராமைச் சற்றே தாண்டும் அளவுக்குத்தான் கரையும், பி.எச். 10ஐத் தாண்டும்போதுதான் சிலிகேட்டாக மாறித் தாராளமாகக் கரைகிறது. ஆகவே 13இன் அருகில் இருக்கும் கருந்திரவத்தை நிதானமாக 10 வரை இறக்கினால் லிக்னினுக்கு முன்பாகச் சிலிக்கா கூழாகத் திரண்டுவிடும் என்பது கணக்கு. மூங்கிலை நம்பிய ஆலைகளுக்காக யோசிக்கப்பட்ட சிலிக்கா நீக்கமும் இந்த அடிப்படையில்தான், புகைபோக்கி வாயுவிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு செய்யப்படுவது. கந்தக அமிலத்தால் இந்த இறக்கத்தைச் செய்தால், துளி விழுந்த இடத்தில் பி.எச். சட்டென்று சரிந்து லிக்னினும் அங்கேயே திரளும். கார்பன் டை ஆக்சைடு மெல்லிய அமிலமானதால் அந்தத் தாறுமாறு இல்லை. சோடா, கலர் நிரப்பும் கடையில் ஒரு சிறிய உருளையை வாடகைக்குத் தந்தார்கள். மீன்தொட்டியின் காற்றுக்கல்லை அதன் குழாய் முனையில் மாட்டி, 60 பாகைக்குச் சூடாக்கிய திரவத்தில் குமிழியிட்டோம்.

நுரையைப் பற்றி எச்சரிக்காமல் மேலே போக முடியாது. கருந்திரவம் நுரைத்தே தீரும். 700 மி.லி. திரவத்துக்கு மூன்று லிட்டர்க் குடுவை தேவைப்பட்டது. ஒரு சொட்டு ஆக்டனால் விட்டால் சில நிமிடங்களுக்கு அடங்கும். பி.எச். மானியின் கண்ணாடி முனை சூடான, சோடியம் மிகுந்த காரத்தில் குறைத்துக் காட்டும் என்பதால், அவ்வப்போது சிறிதளவு எடுத்து ஆறவைத்துத்தான் அளக்க வேண்டும். 10ஐத் தொட்டதும் வாயுவை நிறுத்தி, இரவு முழுவதும் அசையாமல் வைத்தோம். மறுநாள் அடியில் வழவழப்பான கரும்பழுப்புப் படலம் ஒன்று தங்கியிருந்தது. அதை வடிதாளில் வடிக்க முயல்வது வீண், ஐந்தே நிமிடத்தில் தாளின் கண்கள் அடைத்துக்கொள்ளும். தெளிந்ததை மேலாகச் சரித்து ஊற்றி, எஞ்சியதை மையவிலக்கியில் சுழற்றுவதே வழி. அந்தப் படலத்தை உலர்த்தி எரித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் வெண்சாம்பலாக நின்றது. மீதி எரிந்துபோன லிக்னின். சிலிக்காவை விரட்டக் கொடுக்க வேண்டிய கூலி அது.

அமிலமிடுவதில் கணக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இருபது கிராம் காஸ்டிக் சோடா என்பது அரை மோல். அதை முழுவதும் ஈடுசெய்யக் கால் மோல் கந்தக அமிலம், அதாவது 2 மோலார் கரைசலில் 125 மி.லி. வேண்டும். நாரிலும் முதற் படிவிலும் தங்கிப்போன காரத்தைக் கழித்தால் அதைவிடச் சற்றுக் குறைவாகவே முடிய வேண்டும். எங்களுக்கு 110ஐ ஒட்டி முடிந்தது. இந்தக் கணக்கிலிருந்து விலகி அமிலம் அதிகமாக உள்ளே போனால், எங்கோ எடை தவறியிருக்கிறது என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். திரவத்தை 60 பாகையில் வைத்துக் கலக்கியபடி சொட்டுச் சொட்டாக விட்டோம். பி.எச். 8க்கும் 5க்கும் இடையில், முன்பு உள்ளே சென்ற கார்பன் டை ஆக்சைடு முழுவதும் திரும்பி வெளியேறுவதால் மீண்டும் நுரை பொங்கும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பாதிச் சரக்கு மேசையில் கிடக்கும். லிக்னினின் ஃபீனால் தொகுதிகள் 10ஐ ஒட்டிய பகுதியிலும், கார்பாக்சில் தொகுதிகள் 4, 5 என்ற பகுதியிலும் தம் ஹைட்ரஜனைத் திரும்பப் பெறுகின்றன. மின்சுமை அடங்க அடங்கத் துகள்கள் ஒன்றையொன்று தள்ளுவதை விட்டுச் சேரத் தொடங்குகின்றன. கருமை கலைந்து, 2ஐத் தொடும்போது வெளிறிய பழுப்புத் திப்பிகள் மிதக்க, இடையிலுள்ள நீர் பொன்னிறமாகத் தெளிகிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. சிலிக்கா கூழாவது 5க்கும் 8க்கும் இடையில் மிக வேகமாகவும், 2ஐ ஒட்டி மிக மெதுவாகவும் நடக்கும். ஆகவே சிலிக்கா நீக்காத திரவத்தில் நிதானமாக அமிலம் விட்டால், அந்த நடுப்பகுதியில் அதிக நேரம் தங்கி, சிலிக்காவை லிக்னினோடு சேர்த்து உறையவைக்கிறோம். விரைவாகக் கடந்தாலோ சிலிக்கா கரைசலில் தங்க வாய்ப்பு உண்டு, ஆனால் லிக்னின் வடிகட்ட முடியாத நுண்துகளாகத் திரளும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும். வடிகட்டும் துன்பத்தை அறிந்தவன் என்ற முறையில் என் ஓட்டு நிதானத்துக்கே. சிலிக்காவை முன்னதாகவே கவனித்துவிடுவது நல்லது.

திரண்டதை அரை மணி நேரம் 60, 65 பாகையில் வைத்துக் கலக்கினால் திப்பிகள் பருத்து இறுகும். 75ஐத் தாண்ட விடக்கூடாது. ஈர லிக்னின் இளகிக் கலக்கும் குச்சியில் தார் போல அப்பிக்கொள்ளும், பிறகு அதைக் கழுவவே முடியாது. எங்களிடம் இருந்த வசதிகளில் மிகவும் கைகொடுத்தது குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதி. முழுக் கலவையையும் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி இரவு முழுவதும் உறையவைத்து, மறுநாள் அறை வெப்பத்தில் உருகவிட்டால், பனிப்படிகங்கள் வளரும்போது துகள்களை நெருக்கிப் பிழிந்துவிடுகின்றன. உருகிய பிறகு லிக்னின் மணல்மணலாக அடியில் கிடக்கிறது. உறையவைக்காத கலவை, உறிஞ்சி வடிக்கும் பியூக்னர் புனலில் மதியம் முழுவதும் சொட்டிக்கொண்டிருந்தது. உறைந்து உருகியது தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் வடிந்து முடிந்திருந்தது.

கழுவுவதற்கு வெறும் நீரை எடுப்பவர்கள் இரண்டாவது முறையிலேயே திகைப்பார்கள். உப்பு வெளியேறி பி.எச். ஏற ஏற, கார்பாக்சில் தொகுதிகள் மீண்டும் மின்சுமை பெற்று, திப்பிகள் கலைந்து கூழ்மமாகி வடிதாளின் வழியே இறங்கிவிடும். தெளிவாக வந்துகொண்டிருந்த வடிநீர் திடீரென்று பழுப்பாகும். ஆகவே அமிலம் கலந்த நீரில்தான் கழுவ வேண்டும். அந்த அமிலமும் கந்தக அமிலமாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பி.எச். 2க்குக் கொண்டுவந்த நீரைப் பயன்படுத்தினால், வடிநீரில் ஒரு சொட்டு பேரியம் குளோரைடு விட்டுச் சல்ஃபேட் முற்றிலும் போய்விட்டதா என்று பார்க்கலாம். கந்தக அமில நீரில் கழுவினால் அந்தச் சோதனை என்றைக்கும் வெள்ளையாகவே கலங்கும். மிஞ்சும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உலரும்போது பறந்துவிடும் என்பது இன்னோர் ஆதாயம். காரைக்குடிக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் பெரிய பெருமைதான். சாம்பல் அளக்கும் வேலைக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

உலர்த்தல் 45 பாகை அடுப்பில். இந்தப் பக்கத்து வெயிலில் தட்டை வாசலில் வைத்தால் ஒரே பகலில் காய்ந்துவிடும் என்பது உண்மையே, ஆனால் வெயில் லிக்னினை நிறம் மாற்றி ஆக்சிஜனேற்றமும் செய்யும், புழுதியும் படியும். ஈரத்தோடு 105 பாகையில் வைத்தால் கறுத்து, உடைக்க முடியாத கட்டியாகும். ஈரப்பதம் அளக்க மட்டும் ஒரு சிட்டிகையைத் தனியே 105இல் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது எடைகளும் சாம்பலும். நான்கு தொகுதிகளிலும் கிடைத்தது ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடைப்பட்ட கிராம்கள். நிறமும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான். மஃபிள் உலையில் 525 பாகையில் எரித்தபோதுதான் சாயம் வெளுத்தது. முழு மூங்கிலைக் கண்ணாடிப் புட்டியில் வேகவைத்து ஒரே படியில் அமிலமிட்டதில் சாம்பல் 17 விழுக்காடு. அதே மூங்கில், அதே முறை, எவர்சில்வர் தூக்கில்: 9. தூக்கில் வேகவைத்து, கார்பன் டை ஆக்சைடால் சிலிக்காவை முன்னதாக நீக்கியதில் 3ஐ ஒட்டி. கூடைக்காரரின் உட்பகுதியைத் தூக்கில் வேகவைத்து, சிலிக்கா நீக்கும் படியே இல்லாமல் நேராக அமிலமிட்டதில் இரண்டரை. உருளையும் நுரையும் இரவுக் காத்திருப்பும் மையவிலக்கியும் சேர்ந்து சாதித்ததை, பட்டையை உரித்த ஓர் அரிவாள் முன்பே சாதித்திருந்தது. லிக்னின் இழப்பும் அதில் இல்லை. எரிக்கும்போது குரூசிபிளில் கால்பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். லிக்னின் உப்பிப் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வரும், முதல் 300 பாகைவரை மெதுவாக ஏற்ற வேண்டும். எஞ்சிய சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கினால் கரையாமல் நிற்பது பெரும்பாலும் சிலிக்கா. எங்கள் சாம்பலில் கரைந்தது சொற்பமே என்பதால் கழுவல் நன்றாக நடந்திருக்கிறது என்றும் தெரிந்தது.

தூய்மையைச் சொல்வது கிளாசன் முறை. 300 மி.கி. மாதிரியை 72 விழுக்காட்டுக் கந்தக அமிலம் 3 மி.லி.யில் 30 பாகையில் ஒரு மணி நேரம் பிசைந்து, 84 மி.லி. நீர் சேர்த்து 4 விழுக்காடாக நீர்த்து, 121 பாகையில் இன்னொரு மணி நேரம் வைத்தால், சர்க்கரைப் பொருள்கள் கரைந்துபோகும். கரையாமல் எஞ்சுவது லிக்னின் என்பது ஏற்பாடு. சிலிக்காவும் கரையாது என்பதை இந்த ஏற்பாடு மறந்துவிடுகிறது. முழு மூங்கிலை ஒரே படியில் அமிலமிட்ட தூக்குத் தொகுதி கிளாசனில் 91 விழுக்காடு காட்டி மாணவர்களை மகிழ்வித்தது; எஞ்சியதை எரித்துச் சாம்பலைக் கழித்ததும் 82க்கு இறங்கியது. உட்பகுதித் தொகுதி முதலில் 90 காட்டி, கழித்த பிறகு 88இல் நின்றது. எரித்துக் கழிக்காமல் விட்டிருந்தால் இரண்டில் மட்டமானதுதான் பரிசு வாங்கியிருக்கும். புல்லின லிக்னினில் அமிலத்தில் கரையும் பகுதியும் புறக்கணிக்கத் தக்கதன்று. வடிநீரை 205 நானோமீட்டரில் அளந்து அதையும் சேர்க்க வேண்டும். 280இல் அளந்தால் சர்க்கரையிலிருந்து உண்டாகும் ஃபர்ஃபூரால் குறுக்கே வந்து எண்ணிக்கையை ஊதிவிடும்.

அகச்சிவப்பு நிறமாலையில், பொட்டாசியம் புரோமைடு வில்லையில், அரோமாட்டிக் வளையத்தின் 1600, 1510, 1425 செ.மீ.⁻¹ பட்டைகள் எல்லாவற்றிலும் கூர்மையாக நின்றன; லிக்னினின் கட்டுமான அலகுகளில் சிரிங்கில் வளையத்துக்குரிய 1327ம் குவாயாசிலுக்குரிய 1265ம் இருந்தன; பாராஹைட்ராக்சிஃபீனைலும் சேர்ந்த புல்லின லிக்னினின் அடையாளமாக 835. வேறுபாடு 1000க்கும் 1200க்கும் இடையில். உட்பகுதித் தொகுதியில் 1125ம் 1030ம் தனித்தனிச் சிகரங்களாக எழுந்தன. கண்ணாடித் தொகுதியில் 1090ஐ நடுவாகக் கொண்ட அகன்ற மேடு ஒன்று அவ்விரண்டையும் விழுங்கி, 470இல் துணையாக இன்னொன்றும் காட்டியது. இரண்டும் சிலிக்காவின் பட்டைகள். அந்த மேட்டைப் பார்த்துச் சர்க்கரைப் பொருள் என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. 470ஐயும் பாராமல் முடிவு கட்டக் கூடாது. டையாக்சேனும் நீரும் ஒன்பதுக்கு ஒன்றாகக் கலந்த கரைசலில் புற ஊதா அளவீட்டில் 280இல் சிகரமும் 310இல் ஒரு தோளும் கிடைத்தன. அந்தத் தோள், முழுவதும் அறுபடாமல் எஞ்சிய கூமரிக், ஃபெருலிக் தொகுதிகளுடையது.

வெப்ப எடையிழப்பு அளவீட்டை வெளியே கொடுத்துத்தான் பெற்றோம். நைட்ரஜன் சூழலில் இரு தொகுதிகளும் 350 பாகைக்குச் சற்று மேலே மிகவேகமாகச் சிதைந்தன. 800 பாகையில் எஞ்சிய கரி, சாம்பல் 9 விழுக்காடு உள்ள தொகுதியில் 43, உட்பகுதித் தொகுதியில் 37. மின்கலக் கனவோடு வந்த மாணவருக்கு 43ஐப் பார்த்ததும் கண் விரிந்தது. சாம்பலைக் கழித்தால் இரண்டுமே முப்பத்துநான்கரைக்கு உட்பட்டவை. கூடுதலாகத் தெரிந்தது கரியன்று, மணல். கரி விளைச்சலைச் சாம்பல் கழிக்காமல் அறிக்கையில் எழுதக் கூடாது என்று அன்றே ஆய்வகப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டேன்.

ஆலை அளவில் இவற்றில் எது தேறும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் வட கரோலினாவின் பிளிமத் ஆலையில் 2013இல், கார்பன் டை ஆக்சைடால் லிக்னினைத் திரட்டி, அமில நீரில் மறுபடி கலக்கிக் கழுவும் லிக்னோபூஸ்ட் முறை தொடங்கியது. அங்கே மூலப்பொருள் மரம், சிலிக்காத் தொல்லை இல்லை. மூங்கில் ஆலையில் நாங்கள் செய்ததுபோலக் கந்தக அமிலத்தைக் கொட்டினால் சோடியம் முழுவதும் சல்ஃபேட்டாகிப் போய்விடும். கருந்திரவத்தை எரித்துச் சோடாவை மீட்கும் அவர்களுடைய சுழற்சி அதைத் தாங்காது. அவர்கள் திரவத்தில் ஒரு பகுதியை மட்டும் லிக்னினுக்குத் திருப்பினால்தான் கட்டுப்படியாகும்.

எங்கள் அளவிலேயே கடைசி வடிநீர் ஒரு பிரச்சினை. பி.எச். 2இல், உப்பும் சிறு கரிம அமிலங்களும் கரைந்த சர்க்கரையும் ஏறிய, பொன்னிறமான நான்கைந்து லிட்டர் நீரை வடிகாலில் விட்டால் அது எந்த ஊரணியில் போய்ச் சேரும் என்பது இந்த ஊர்க்காரருக்குத் தெரியும். நீற்றுச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி 7க்குக் கொண்டுவந்தோம். ஜிப்சம் வெள்ளையாகப் படிந்தது, நிறத்தில் ஒரு பங்கும் அதோடு இறங்கியது, மீதி நிறம் போகவில்லை. தெளிந்ததை அகன்ற பிளாஸ்டிக் தட்டுகளில் மொட்டைமாடி வெயிலில் வற்றவைத்து, எஞ்சிய பழுப்பு உப்பைத் துறையின் கழிவுக் கேனில், பொருளும் தேதியும் எழுதி ஒட்டி, மூடி வைத்திருக்கிறோம்.